‘கேக்குது, ஆனா புரியல’

வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று கோடு ஏறிக்கொண்டே போகிறதா? தொலைபேசி மணி அடித்தால் அப்பா அதை எடுத்து உடனே அம்மாவிடம் நீட்டிவிடுகிறாரா? கல்யாண வீட்டில் யார் எதைக் கேட்டாலும் பாட்டி சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாரா? அப்படியென்றால் இந்த வாரப் பத்தி உங்கள் வீட்டுக்குத்தான்.

காது கேட்கும் கருவி வாங்கலாம் என்று பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது ஒரு போராட்டம். அது முடிந்ததும் அடுத்தது தொடங்கும். கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுப்பார்கள். 24 சேனல், ஓ.எஸ்.பி.எல். 90, முழு கெயின், 100 முதல் 9000 ஹெர்ட்ஸ், ஐ.பி. 68, புளூடூத் என்று வரிசையாக இருக்கும். பக்கத்தில் விலை. சில ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். எந்த எண்ணுக்காக இவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் கையெழுத்துப் போடுகின்றன.

என் பெரியப்பா மகன் சைபர்ஜெயாவில் மென்பொருள் பொறியாளர். தெலுக் இந்தானில் இருக்கும் தன் அப்பாவுக்குக் கருவி வாங்க, அவர் எக்செல்லில் அழகாக ஓர் அட்டவணை போட்டிருந்தார். மூன்று கருவிகள், பதினான்கு வரிசைகள். எந்த எண் பெரியதோ அதற்குப் பச்சை நிறம். கைப்பேசி வாங்கும்போது நாம் செய்வது போலத்தான். “பாப்பா, நீதான் ரேடியோவுல இருக்க, சத்தத்தப் பத்தி உனக்குத் தெரியும். இதப் பார்த்துச் சொல்லு” என்று எனக்கு அனுப்பினார்.

அட்டவணையில் எல்லாம் இருந்தது. பெரியப்பாவின் காது மட்டும் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. விவரத்தாளில் அச்சாகியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் அந்த இயந்திரத்தைப் பற்றியது. அது நமக்கு ஏற்றதா என்பதைச் சொல்வது இன்னொரு தாள். அதன் பெயர் ஆடியோகிராம், அதாவது செவித்திறன் வரைபடம். அதை முதலில் கையில் வைத்துக்கொண்டால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் வரும்.

முதலில் அந்த வரைபடம்

மேலே இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று ஹெர்ட்ஸ் அளவுகள் இருக்கும். பியானோவைப் போல, இடப்பக்கம் கனத்த ஒலி, வலப்பக்கம் கீச்சொலி. மேலிருந்து கீழாக டெசிபல் அளவு. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று பொருள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது.

பெரியப்பா செம்பனை ஆலையில், டர்பைன் பக்கம், முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். அவருடைய கோடு 250, 500 ஹெர்ட்ஸில் 20, 25 டெசிபலில் நிற்கிறது. அது ஏறக்குறைய நல்ல காது. 2000த்தில் 50க்கு இறங்குகிறது. 4000த்தில் 70. பிறகு 8000த்தில் கொஞ்சம் மேலேறி 60. இரண்டு காதிலும் கிட்டத்தட்ட இதே கோலம். 4000 ஹெர்ட்ஸைச் சுற்றி இப்படிப் பள்ளம் விழுவது, நெடுங்காலம் இரைச்சலில் வேலை செய்த காதுகளில் அடிக்கடி காணும் அடையாளம். இன்று நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் அதுவே பெரிய பாதுகாப்பு.

இந்த ஒரு கோட்டில் அவருடைய பத்து வருட வாழ்க்கை இருக்கிறது. தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் கனத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் நுணுக்கம், குறிப்பாக ஸ, ஷ, ச போன்றவையும் த, க, ப தொடங்கும் அந்தச் சின்ன வெடிப்பும், மெல்லிய கீச்சுப் பக்கத்தில் இருக்கிறது. பட்டு, தட்டு, கட்டு, சட்டி, பத்து, கத்து, முத்து. முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அதுதான் பெரியப்பாவின் உலகம். யாரோ பேசுகிறார்கள் என்பது தெளிவாகக் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. “கேக்குது, ஆனா புரியல” என்று அவர் சொன்னபோதெல்லாம், கவனம் இல்லை என்று பெரியம்மா திட்டியிருக்கிறார். கோயில் நிர்வாகக் குழுவில் இருபது வருடம் இருந்தவர், ஒரு நாள் காரணம் சொல்லாமல் விலகிவிட்டார். காரணம் இந்தக் கோட்டில் இருந்தது.

இப்போது கருவியின் எண்களுக்கு வருவோம்.

கெயின்: எவ்வளவு ஏற்றலாம்

நாங்கள் ஒலிபரப்பு அறையில் மேலும் கீழும் தள்ளும் பொத்தானைப் போன்றது இது. உள்ளே வரும் ஒலியை எத்தனை டெசிபல் உயர்த்த முடியும் என்பதைக் கெயின் சொல்கிறது. முழு கெயின் 45 என்றால், எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் 45 டெசிபல் வரை ஏற்றலாம். இந்த எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 500 ஹெர்ட்ஸில் நன்றாகக் கேட்கும் ஒருவருக்கு அங்கே எதையும் ஏற்றத் தேவையே இல்லை. ஏற்றினால் மின்விசிறியும் லாரியும்தான் பெரிதாகக் கேட்கும்.

ஓ.எஸ்.பி.எல். 90: எங்கே நிறுத்த வேண்டும்

பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. கருவியின் சத்தத்தை முழுதாக வைத்து, 90 டெசிபல் ஒலியை உள்ளே விட்டால், வெளியே அதிகபட்சம் எவ்வளவு வருகிறது என்பதே அது. வானொலியில் இதை லிமிட்டர் செய்யும். விருந்தினர் திடீரென்று ஒலிவாங்கியில் கத்தினாலும் கேட்பவரின் காது பிய்ந்துவிடாமல் அது தடுக்கும். கருவியில் இந்த எல்லை தேவைக்குக் குறைவாக இருந்தால் சத்தம் நசுங்கி ஒலிக்கும். தேவைக்கு அதிகமாக இருந்தால் காது வலிக்கும், மிச்சமிருக்கும் செவித்திறனுக்கும் ஆபத்து. மிகக் கடுமையான செவித்திறன் குறைவுக்கு 130 டெசிபலைத் தாண்டும் கருவிகள் உண்டு. அவற்றை லேசான குறை உள்ளவர் வாங்குவது, சந்தைக்குப் போக லாரி வாங்குவது போல.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஆடியோகிராமின் டெசிபலும் விவரத்தாளின் டெசிபலும் வேறு வேறு அளவுகோல்கள், செல்சியஸும் பாரன்ஹீட்டும் போல. ‘அப்பாவுக்கு 70 குறை, கருவி 112 தருகிறது, போதும்’ என்று கூட்டிக் கழிக்க முடியாது.

இரண்டாவது, பல விவரத்தாள்களில் ஒரே கருவிக்கு இரண்டு நெடுவரிசை எண்கள் இருக்கும். ஒன்று, 2 சி.சி. கப்ளர் எனப்படும் 2 கன சென்டிமீட்டர் சின்னக் குழியில் அளந்தது. மற்றொன்று காது மாதிரி எனப்படும் வேறொரு சோதனைக் கருவியில் அளந்தது. காது மாதிரியில் எண் எப்போதும் பெரியதாகவே வரும். ஒரே கருவி ஒன்றில் 112 என்றும் மற்றொன்றில் 121 என்றும் காட்டலாம். என் அண்ணனின் அட்டவணையில் பச்சை நிறம் வாங்கிய ஓர் எண் இப்படி வந்ததுதான். ஒரு கருவியின் எண்ணை முதல் நெடுவரிசையிலிருந்தும், இன்னொன்றை இரண்டாவதிலிருந்தும் எடுத்திருந்தார். ஒப்பிடுவதென்றால் ஒரே நெடுவரிசையை ஒப்பிடுங்கள்.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. விவரத்தாளில் ஆடியோகிராமைப் போலவே ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு பகுதி நிறமடித்திருக்கும். அதற்குப் பொருத்து எல்லை என்று பெயர். உங்கள் வீட்டுப் பெரியவரின் கோட்டை அதன்மேல் வரைந்து பாருங்கள். கோடு நிறத்துக்குள் அடங்க வேண்டும். கீழ் விளிம்பை ஒட்டாமல் கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்க வேண்டும், ஏனென்றால் வயதோடு கோடு இன்னும் இறங்கலாம்.

ஹெர்ட்ஸும் சேனலும்

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதனால்தான் போனில் பெயரைச் சொல்லும்போது “எஸ் ஃபார் சிங்கப்பூர்” என்று எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. எஃப்.எம். வானொலி 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். கருவிகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. 8000, 9000 என்று எழுதியிருந்தால் நல்லதே. ஆனால் அது கருவியால் முடியும் என்று மட்டும் சொல்கிறது. 4000த்தில் 70 டெசிபல் பள்ளம் உள்ள காதுக்கு அங்கே போதிய அளவு ஏற்றித் தரப்பட்டதா என்பது தாளில் இருக்காது.

சேனல் என்பது எங்கள் ஈக்குவலைசரில் உள்ள பொத்தான்களைப் போன்றது. ஒலியை எத்தனை துண்டாகப் பிரித்துத் தனித்தனியே கையாளலாம் என்ற கணக்கு. பெரியப்பாவைப் போலச் சரிவாக இறங்கும் கோட்டுக்கு ஒன்றிரண்டு துண்டு போதாது, பல துண்டுகள் வேண்டும். ஆனால் 12 சேனலைவிட 24 சேனல் இரண்டு மடங்கு தெளிவாகக் கேட்கும் என்பது உண்மையல்ல. எதைச் சேனல் என்று எண்ணுவது என்பதிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. விலைப்பட்டியலில் முதலில் நிற்கும் எண் இதுதான். முடிவெடுக்கும்போது இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன் கத்துற?”

பாட்டி “என்ன?” என்று கேட்பார். நாம் மறுபடி சொல்வோம். “என்ன?” என்பார். நாம் உரக்கச் சொன்னதும், “ஏன் இப்படிக் கத்துற, எனக்கென்ன காது செவிடா?” என்பார். இது பிடிவாதம் அல்ல. உட்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் சேதமானால், மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குக் கேட்பதைப் போலவே உரக்கக் கேட்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது.

அந்தக் குறுகிய இடைவெளிக்குள் உலகத்தின் எல்லாச் சத்தத்தையும் அடக்குவதுதான் கம்ப்ரஷன். மெல்லிய ஒலியை நிறைய ஏற்றும், உரத்த ஒலியைக் கொஞ்சமாக ஏற்றும் அல்லது அப்படியே விடும். நள்ளிரவில் கிசுகிசுக்கும் அறிவிப்பாளரும் துள்ளிசைப் பாடலும் உங்கள் காரில் ஒரே அளவில் கேட்பது இதனால்தான். விவரத்தாளில் டபிள்யூ.டி.ஆர்.சி. என்று இருக்கும். இன்றைய டிஜிட்டல் கருவிகளில் இது வழக்கமாக உண்டு. இணையத்தில் மிக மலிவாக விற்கும் ‘ஒலிபெருக்கி’களைப் பார்க்கும்போது முதலில் இதைக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றும் பொருள், கதவு அறையும் சத்தத்தையும் ஏற்றும். கூடவே, 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட கருவிதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழையிலைக் கடைச் சோதனை

இரைச்சல் குறைப்பு என்று எல்லாத் தாளிலும் போட்டிருக்கும். அது களைப்பைக் குறைக்கும், காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் கூட்டத்தில் பேச்சு புரிவதற்குப் பெரிதும் கைகொடுப்பது திசை ஒலிவாங்கி. முன்னால் இருப்பவரின் குரலைப் பிடித்து, பின்னால் வரும் சத்தத்தைத் தணிக்கும். வழக்கமாக இதற்குக் கருவியில் இரண்டு ஒலிவாங்கிகள் வேண்டும். காதுக்குள்ளேயே மறைந்துவிடும் மிகச்சிறிய கருவிகளில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இடம்.

ஆக, யாருக்கும் தெரியக்கூடாது என்ற ஆசைக்கு ஒரு விலை இருக்கிறது. டெலிகாயிலும் சிறிய கருவிகளில் காணாமல் போகும். அது காந்த வளையம் பொருத்திய மண்டபங்களில் ஒலியை நேராகக் கருவிக்குள் கொண்டுவரும் சின்னச் சுருள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். திசை ஒலிவாங்கி இருந்தாலும் நாம் உட்காரும் இடம் முக்கியம். மாமாக் கடையிலோ வாழையிலைக் கடையிலோ, சமையலறைக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி அப்பாவை உட்கார வையுங்கள். நீங்கள் எதிரில் உட்காருங்கள். அதற்குக் காசு இல்லை.

நம் ஊர் வெயிலும் வியர்வையும்

ஐ.பி. 68ல் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசு புகாது. 8 என்றால் தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்திலும் நேரத்திலும் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. நம் வியர்வையில் உப்பு இருக்கிறது, காற்றில் ஆண்டு முழுதும் ஈரம் இருக்கிறது. எனவே எண் எதுவானாலும் இரவில் போட்டு வைக்க ஓர் உலர்பெட்டி வாங்கிவிடுங்கள்.

பேட்டரிக்கு நிறம்தான் அடையாளம். 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இவை காற்றுப்பட்டால் வேலை செய்யத் தொடங்குபவை. ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போட வேண்டும். விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு அந்தச் சின்னப் பொத்தான் பேட்டரி ஒரு தண்டனை. அவர்களுக்குச் சார்ஜ் செய்யும் கருவிதான் சரி. புளூடூத் பற்றிப் பேசும்போது, வீட்டிலிருக்கும் கைப்பேசியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே இணைத்துப் பாருங்கள். எல்லாக் கருவியும் எல்லாக் கைப்பேசியோடும் பேசாது.

தாளில் இல்லாத சோதனை

மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஒரு குழியில் அளந்தவை. உங்கள் அப்பாவின் காது அந்தக் குழி அல்ல. ஒவ்வொரு காதின் நீளமும் வளைவும் வேறு. குழந்தையின் காது இன்னும் சிறியது, அதே கருவி அங்கே இன்னும் உரக்க ஒலிக்கும். எனவே கருவியைக் காதில் மாட்டிய நிலையில், செவிப்பறைக்கு அருகில் மெல்லிய ஒரு குழாயை வைத்து, அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி வந்து சேர்கிறது என்று அளக்க வேண்டும். ‘ரியல் இயர் மெஷர்மென்ட்’ என்று கேளுங்கள். பொருத்தும் இடத்தில் எனக்குத் தெரிந்து மிக முக்கியமான கேள்வி இதுதான்.

எவ்வளவு வர வேண்டும் என்பதற்குக் கணக்குச் சூத்திரங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய என்.ஏ.எல். - என்.எல். 2 அவற்றில் ஒன்று. குழந்தைகளுக்கு டி.எஸ்.எல். என்ற சூத்திரத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். என்.ஏ.எல். சூத்திரத்தில் ஒரு கேள்வி நம் நாட்டுக்கென்றே கேட்டது போல இருக்கும். பேசும் மொழி தொனி மொழியா, இல்லையா? மாண்டரின், கண்டனீஸ் போன்ற மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றும். அவற்றுக்குக் கனத்த பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக் கொடுக்கும். தமிழும் மலாயும் தொனி மொழிகள் அல்ல. உங்கள் அப்பாவின் பதிவில் எது தேர்வாகியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெரியப்பாவை ஈப்போவில் ஒரு மையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த செவித்திறன் நிபுணர் முதலில் காதுக்குள் பார்த்து அழுக்கெடுத்தார், பிறகு சோதித்தார், பிறகுதான் கருவியைப் பற்றிப் பேசினார். 24 சேனல் கருவி ஒரு ஜோடி 11,800 ரிங்கிட். 12 சேனல் கருவி ஒரு ஜோடி 6,400 ரிங்கிட். இரண்டையும் காதில் வைத்து அளந்து சரிசெய்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். “ஒரு காதுக்கு மட்டும் வாங்கிப் பார்ப்போமே” என்றார் பெரியப்பா. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியவும், இரைச்சலில் பேச்சைப் பிரிக்கவும் மூளைக்கு இரண்டு காதும் வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

சோதனைக்கு என் தொழிலைப் பயன்படுத்தினேன். பட்டு, தட்டு, கட்டு மாதிரி இருபது சொற்களை எழுதிக்கொண்டு, தொலைக்காட்சியில் செய்தியை மெதுவாக ஓடவிட்டு, என் வாயைத் தாளால் மறைத்தபடி சாதாரணக் குரலில் வாசித்தேன். ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றினேன். கருவி இல்லாமல் ஒன்பது சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். விலை அதிகமான கருவியோடு பதினாறு. விலை குறைந்ததோடு பதினேழு. ஒரு சொல் வித்தியாசம் என்பது வித்தியாசமே இல்லை. இரண்டுமே அவர் காதுக்குச் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தன என்பதுதான் அதன் பொருள்.

கூடுதலாகக் கொடுக்கும் 5,400 ரிங்கிட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று அண்ணன் கேட்டார். கைப்பேசிச் செயலி, இசைக்குத் தனி அமைப்பு, இடத்துக்கேற்பத் தானாக மாறும் வசதி. பெரியப்பாவிடம் இருப்பது பொத்தான் போன். பின்னதை எடுத்தோம். வாரம் முழுதும் இணையச் சந்திப்பில் உட்காரும் நாற்பது வயதுக்காரருக்கு முதல் கருவிதான் சரியாக இருந்திருக்கும். அவர் அட்டவணையில் பச்சை நிறம் விழ வேண்டிய இடம் வேறு.

முதல் வாரம் “என் குரலே பீப்பாய்க்குள்ள பேசுற மாதிரி இருக்கு” என்றார். காதுக்குள் போகும் ரப்பர் குல்லா முழுதாக அடைத்திருந்தது. கனத்த ஒலி நன்றாகவே கேட்கும் காதுக்கு ஓட்டையுள்ள குல்லா போதும் என்று மாற்றிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. எந்த விவரத்தாளும் பெரிதுபடுத்தாத ஒரு துண்டு ரப்பர். கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடாமல் தடுத்தது அதுதான்.

பணமும் உரிமையும்

பதிவு பெற்ற மாற்றுத்திறனாளியான தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ வாங்கும் அடிப்படைத் துணைச் சாதனங்களுக்கு வருமான வரியில் 6,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. காது கேட்கும் கருவி அதில் அடங்கும், மூக்குக் கண்ணாடி அடங்காது. சமூக நல இலாகாவில் பதிவு செய்து அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசாங்க ஓய்வூதியர்கள் பொதுச் சேவைத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். வேலையிட இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்களில் ஒன்று. ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்தால், அதையும் விசாரித்துவிடுங்கள்.

கருவிக் கடைக்குப் போகக்கூடாத நேரமும் உண்டு. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காதில் சீழ் வடிதல், தலைச்சுற்று, ஒரு காதில் மட்டும் குறைவு, இவையெல்லாம் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியவை.

மற்றவர்கள் விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு, இந்த ஆறு கேள்விகளைக் கத்தரித்து எடுத்துப் போங்கள்.

1. எங்களுக்கு ஆடியோகிராமின் ஒரு பிரதி கிடைக்குமா?

2. அந்தக் கோடு இந்தக் கருவியின் பொருத்து எல்லைக்குள் விழுகிறதா? வரைந்து காட்டுங்கள்.

3. காதுக்குள் குழாய் வைத்து அளந்து சரிசெய்வீர்களா?

4. பொருத்துபவர், 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா?

5. வீட்டில் போட்டுப் பார்க்க எத்தனை நாள்? பிடிக்காவிட்டால் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்?

6. இந்த விலையில் அடுத்த வருடங்களில் எத்தனை முறை வந்து சரிசெய்து கொள்ளலாம்?

ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல வருடம் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று முறையாவது போய்வர வேண்டியிருக்கும். பெரியப்பா இதுவரை நான்கு முறை போய்வந்துவிட்டார். கடைசி முறை அவர் சொன்ன புகார், பெரியம்மா காய் நறுக்கும் சத்தம் அதிகமாகக் கேட்கிறதாம்.